பூங்காத் தலைவருக்கு அனுப்பிய பயத்தம் பணியாரம்

1

இந்த டிசம்பரோடு நாங்கள் ஓக்லாந்துக்கு வந்து பத்து வருடமாகிறது. இதைக் கொண்டாட வேண்டும் என்று மனைவி ராணி சொன்னாள். எதைக் கொண்டாடுவது என்று கேட்டேன். "வந்து சேர்ந்ததை" என்றாள். சேர்ந்துவிட்டோமா என்பது வேறு கேள்வி. அதை நான் கேட்கவில்லை. கலியாணம் செய்து இவ்வளவு காலமான பிறகு எதைக் கேட்கக்கூடாது என்பதாவது தெரிந்திருக்கிறது.

வந்து இறங்கிய அன்று நடந்தவற்றில் ஒன்று மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. விமான நிலையத்தில் உணவுப் பொருட்களைப் பரிசோதிக்கும் மேசையில், கையுறை போட்ட ஒரு பெண் எங்கள் பெட்டியிலிருந்து ஒடியல் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். இது என்ன என்று கேட்டாள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஏன்?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஒடியலும் ராணியின் வேப்பம்பூ வடகமும் ஒரு மஞ்சள் தொட்டிக்குள் போயின. இந்த நாட்டில் நான் வைத்த முதல் கையெழுத்து, என் சொந்தச் சாப்பாட்டை அழிப்பதற்குச் சம்மதம் தெரிவித்து வைத்த கையெழுத்து.

போன கிழமை அதே பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. வடதுருவத்துப் பக்கமிருந்து என் பெயருக்கு ஒரு பொதி வந்திருக்கிறதாம். உள்ளே காயவைத்த மீன் இருக்கிறதாம். நேரில் வரவேண்டும் என்றார்கள்.

வடதுருவத்தில் எனக்கு யார் மீன் அனுப்புகிறார்கள் என்பதை விளக்க வேண்டுமானால் என் மகளைப் பற்றியும், மரமே இல்லாத ஒரு பூங்காவைப் பற்றியும், நான் செய்த ஒரு கெட்டித்தனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்.

2

மகள் கௌரி இங்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. சுற்றாடல் திட்டமிடல் என்று ஒன்றைப் படித்தாள். எங்கள் ஆட்களிடம் அதை விளக்க முடியாமல் "ஒரு வகை இன்ஜினியரிங்" என்று சொல்லிவந்தேன். படித்து முடித்ததும் கனடாவில் வேலை கிடைத்தது. ரொறொன்ரோவில் இருக்கும் ராணியின் தமக்கை உடனே தொலைபேசி எடுத்து, மேல்மாடி அறையைத் துப்புரவு செய்துவிட்டேன் என்றாள். கௌரிக்கு வேலை கிடைத்த இடம் அங்கிருந்து விமானம் மாறி மாறி வடக்கே போகவேண்டிய ஒரு தீவு என்று சொன்னோம். தமக்கை சற்று யோசித்துவிட்டு, "அங்க தமிழ்க் கடை இருக்கோ?" என்று கேட்டாள்.

அங்கே ஒரு கடைதான் இருக்கிறது. ஒரு தேசியப் பூங்காவும் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டை விடப் பல மடங்கு பெரியது. பனியாறு, மலை, கலைமான், வெள்ளைக் கரடி எல்லாம் உண்டு. மரம் மட்டும் இல்லை. அதை நடத்துவது அரசாங்கம் மட்டுமல்ல. அந்த மண்ணுக்குரிய இனுயிட் மக்கள் நியமிக்கும் மூன்று பேரும் அரசாங்கம் நியமிக்கும் மூன்று பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து முடிவெடுப்பார்கள். உல்லாசப் பயணிகள் எந்த வழியால் நடக்கலாம், எந்தப் பள்ளத்தாக்குக்கு எந்த மாதத்தில் போகக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பூங்காவுக்குள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அந்த மக்களுக்கு உரிமை இருக்கிறது. கௌரிக்கு அந்த மேசையின் செயலாளர் வேலை. கூட்டம் கூட்டுவது, குறிப்பு எழுதுவது, எழுதியதை அவர்களின் மொழியில் மாற்றுவித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது.

நானும் பூங்காவில்தான் வேலை செய்கிறேன் என்பதைத் தாழ்மையுடன் இங்கே சொல்லிவைக்கிறேன். நகரசபையின் பூங்காப் பிரிவில், எந்தப் புல்வெளியில் எந்தக் குடும்பம் இறைச்சி வாட்டலாம் என்று அனுமதி வழங்குபவன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவன். மண்ணோடு எனக்குள்ள தொடர்பு எப்போதும் காகிதத்தின் வழியாகத்தான்.

ஒருமுறை இங்கே இந்த மண்ணுக்குரிய மாவோரி மக்களோடு சேர்ந்து ஒரு பூங்காவுக்குத் திட்டம் போடும் கூட்டத்துக்கு என்னைக் குறிப்பெடுக்க அனுப்பினார்கள். அவர்களின் வழக்கப்படி பேச எழுகிறவர் தன் பெயரைச் சொல்லுமுன் தன் மலையையும் ஆற்றையும் சொல்லவேண்டும். என் முறை வந்தது. யாழ்ப்பாணத்தவனுக்கு ஏது மலை? ஆறு என்று ஒன்றைச் சொல்லலாம்; அதுவும் மழை பெய்தால்தான் ஆறு. வேறு வழியில்லாமல் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தாங்கியின் பெயரைச் சொன்னேன். எல்லோரும் மரியாதையோடு தலையசைத்தார்கள்.

இதைக் கௌரியிடம் சொன்னபோது சிரித்தாள். தன்னையும் அங்கே ஆட்கள் எந்த ஊர் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னனீ?"

"மவுண்ட் றொஸ்கில் மலை எண்டு சொன்னன் அப்பா. வீட்டுக் குசினி யன்னலுக்கால தெரியிறது அதுதானே."

நான் மலை தேடித் தண்ணீர்த் தாங்கியில் போய் நின்ற இடத்தில் என் மகளிடம் ஒரு மலை தயாராக இருந்தது. சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். சந்தோசப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

3

ஞாயிறு காலையில் கௌரி தொலைபேசி எடுப்பாள். அங்கே அது சனி பின்னேரம். குளிர்காலத்தில் பின்னேரம் என்பது பெயரளவில்தான், நாள் முழுக்க இருட்டு. குரல் செய்மதி வழியாக வருவதால் ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு சற்று நேரம் காத்திருக்கவேண்டும். காத்திருக்காமல் பேசினால் இரண்டு பேரின் சொற்களும் வானத்தில் முட்டிக்கொள்ளும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தது அந்தச் செய்மதி வந்த பிறகுதான்.

அங்கே போன புதிதில் அவள் ஒரு சங்கதி சொன்னாள். முதல் கூட்டத்தில், தெற்கிலிருந்து வந்த ஓர் அதிகாரி, கலைமான் குட்டி போடும் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள்ளால் நடைபாதை போடலாமா என்று கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. தேநீர் குடித்தார்கள். அதிகாரி "எல்லோரும் உடன்பட்டனர்" என்று சொல்ல, கௌரியும் அப்படியே எழுதிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் குறிப்பை அவர்களின் மொழியில் வாசித்ததும், தலைவரான எலைஜா என்ற முதியவர் "இதை யார் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒவ்வொருவராக எழும்பி, அந்தப் பள்ளத்தாக்கில் தான் எந்த வயதில் யாரோடு போய் என்ன பார்த்தார் என்று சொன்னார்களாம். பாதை போடவில்லை.

"அண்டைக்குப் பிறகு ஆரும் பேசாமல் இருந்தா நாங்க ஓம் எண்டு எழுதிறேல்லை அப்பா. முடிவில்லை எண்டு எழுதி அடுத்த கூட்டத்துக்கு வைப்பம்."

"எங்கட கவுன்சில்ல பேசாமல் இருந்தா நிறைவேறினது எண்டுதான் அர்த்தம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ராணி, "இந்த வீட்டிலயும் அப்பிடித்தான் நடக்குது" என்றாள்.

4

பிரச்சினை இந்த ஓகஸ்டில் தொடங்கியது. கௌரியின் வேலை ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. அந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஆனால் பூங்கா ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: வேலைகளுக்கு முதலில் அந்த மண்ணின் மக்களையே எடுக்கவேண்டும். வெளியார் செய்யும் வேலைகளுக்கு அவர்களைப் பழக்கவேண்டும். கௌரி இரண்டு வருடமாக மீக்கா என்ற ஒரு பெண்ணைப் பழக்கிக்கொண்டிருந்தாள். மீக்காவின் நல்ல குணங்களைப் பற்றி வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு, நானும் அவளைப் பாராட்டியிருக்கிறேன். அவள் என் மகளின் கதிரையில் இருக்கப் பழகுகிறாள் என்பது எனக்கு ஓகஸ்டில்தான் உறைத்தது. அந்த வேலை இல்லையென்றால் கௌரியின் கனடா விசாவும் இல்லை.

"நீ விண்ணப்பம் போடு. உனக்குப் படிப்பு இருக்கு, அனுபவம் இருக்கு. மனித உரிமை எண்டு ஒண்டு இருக்கு" என்றேன்.

செய்மதி சற்று யோசித்தது. "பாப்பம் அப்பா" என்றாள்.

நகரின் மறுபக்கத்தில், மாசி என்ற பகுதியில் இருக்கும் சுந்தரம் அந்த வாரம் ஹில்ஸ்பரோவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மதுரைக்காரர், என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். எதையும் பூசி மெழுகிப் பேசுகிறவர் அல்ல. நான் அந்த வாசகத்தின் அநியாயத்தை அவருக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். தகுதி என்று ஒன்று வேண்டாமா, பிறந்த இடத்தைப் பார்த்து வேலை கொடுப்பது எந்த நூற்றாண்டு நியாயம் என்று கேட்டேன். அவர் வடையைத் தின்று முடித்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"பத்து வருஷமா இதே மேசையில உக்காந்து நீங்க பேசுறத நான் கேக்குறேன். எங்க மண்ணு, எங்க மக்கள், எங்க முடிவ நாங்களே எடுக்கணும்னு. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கேன். இப்ப உலகத்துல ஒரு எடத்துல அத உண்மையிலேயே குடுத்துருக்கான். ஒரு குண்டு வெடிக்கல. பேசியே வாங்கியிருக்காங்க. இந்த ஏப்ரல்ல அவங்களுக்குன்னு தனியா ஒரு ஆட்சிப் பகுதியே வந்துருக்கு. நீங்கதான் பேப்பர வெட்டி எனக்குக் காட்டினீங்க."

"அது வேற, இது வேற."

"எது வேற சார்?"

ராணி எழும்பி இன்னொரு தட்டு வடை கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு இதில் வேறு கணக்கு. வேலை போனால் பிள்ளை வீட்டுக்கு வரும். அதை அவள் வாயால் சொல்லவில்லை. கௌரியின் அறையில் புதிய திரைச்சீலை தொங்கியதைப் பார்த்து நானாக விளங்கிக்கொண்டேன்.

அன்றிரவு எனக்கு என் மேலேயே ஒரு எரிச்சல். இங்கே எங்கள் ஆட்களின் உரிமைக் கூட்டங்களுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போய்க் கைதட்டியவன். அந்த வடக்கு மக்களின் ஆட்சிப் பகுதிச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை. அந்த நியாயம் என் வீட்டுக் கதவைத் தட்டி "உன் பிள்ளை கொஞ்சம் எழும்பட்டும்" என்றதும் எனக்கு மனித உரிமை நினைவுக்கு வருகிறது. நியாயம் தொலைவில் இருக்கும்போது அதைப் போல அழகான பொருள் வேறில்லை.

ஆனாலும் மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன்.

5

எங்கள் ஊரில் உத்தியோகம் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விண்ணப்பம் என்பது ஒரு சம்பிரதாயம். உண்மையான வேலை, தெரிவு செய்கிறவரின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் போவதில் இருக்கிறது. கையை வீசிக்கொண்டு போகமாட்டோம். காசு கொடுக்கமாட்டோம், அது இலஞ்சம். பலகாரம் கொண்டுபோவோம். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டு, திரும்பும்போது வாசல் படலையடியில் வைத்து "பிள்ளையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்போம். என் முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. என்னைத் தெரிவு செய்தவரின் மனைவிக்குச் சீனி வியாதி என்பதால் நாங்கள் கொண்டுபோனது முறுக்கு.

எலைஜாவின் படலைக்கு என்னால் போகமுடியாது. பலகாரத்தால் போகமுடியும். கௌரிக்குப் பிடித்த பயத்தம் பணியாரம் சுடும்படி ராணியிடம் சொன்னேன், அங்கே எல்லோருக்கும் கொடுக்கட்டும் என்று. பயறு வறுத்து, இடித்து, பாகு காய்ச்சி, ஒரு நாள் முழுக்க மினக்கெட்டாள். அது வாரக்கணக்கில் கெடாது. பெரிய பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, பூங்கா அலுவலகத்துக்கு, தலைவரின் பெயருக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு வாழ்த்து அட்டை வைத்தேன். ராணி பார்க்கவில்லை. அதில் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்: எங்கள் ஒரே மகளின் எதிர்காலம் உங்கள் கைகளில் இருக்கிறது.

அனுப்பிய பிறகு எனக்குப் பெரிய ஆறுதல். தகப்பன் என்ற முறையில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன்.

6

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொதி போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்திருந்தது. தொலைபேசியை எடுத்ததும் கௌரியின் குரலில் வித்தியாசம் தெரிந்தது. ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவள் ஆங்கிலத்தில் தொடங்கினால் நான் நிமிர்ந்து உட்காரவேண்டும் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க எலைஜாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினனீங்களோ?"

"ஓம். சும்மா, அம்மா சுட்ட பலகாரம்."

"இங்க ஒருத்தருக்கு வந்த சாப்பாட்டை அவர் வீட்ட கொண்டுபோய்த் தனியச் சாப்பிட மாட்டார். கம்யூனிற்றி ஹோலுக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு வைப்பினம். ஊர் முழுக்க வந்தது. சின்னப் பிள்ளையளுக்கும் பாதி பாதி குடுத்தது. பல்லில்லாத ஆச்சிமார் தேத்தண்ணியில ஊறவிட்டுச் சாப்பிட்டவை."

"பிடிச்சுதாமோ?"

செய்மதி.

"பிடிச்சுது. பிறகு கார்ட்டை வாசிச்சவை. மைக்கில. ரெண்டு மொழியிலயும்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாத்தவை அப்பா. மொழிபெயர்த்தது ஆர் தெரியுமோ? மீக்கா. என்ர எதிர்காலம் உங்கட கையில எண்டு அவளே சொல்லவேண்டி வந்தது."

"எலைஜா என்ன சொன்னவர்?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கனநேரம். பிறகு எலைஜா கேட்டார், இவளின்ர அப்பா மீன் சாப்பிடுவாரோ எண்டு."

பேச்சை மாற்ற நினைத்து, "வேலை விசயம் என்ன மாதிரி?" என்று கேட்டேன். மாற்றத்தான் நினைத்தேன். வாயில் அதுதான் வந்தது.

"மீக்காவுக்குக் குடுத்தாச்சு. செப்ரெம்பர்லயே."

"ஆர் சிபாரிசு செய்தது?"

"நான்."

சுவரிலிருந்த கலண்டரைச் செப்ரெம்பருக்குத் திருப்பினேன்.

"அப்பா, அவளுக்கு வேலை தெரியும். என்னை விடத் தெரியும். எனக்கு மாற்றிச் சொல்ல ஆள் வேணும், அவளுக்குத் தேவையில்லை. அதுக்குத்தானே என்னை எடுத்தவை? இந்த வேலையைச் சரியாச் செய்தா நான் இங்க இருக்கத் தேவையில்லாமல் போகவேணும்."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றாள் என் மகள். கோபமாகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பை வாசிப்பது போலச் சொன்னாள்.

ராணி மற்ற அறையிலிருந்த இரண்டாவது தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்தவள், "என்ர பணியாரத்துக்குள்ள வைச்சோ அனுப்பினனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் வேறு பேச்சில்லை. இந்த வீட்டில் அது நிறைவேறியதாக அர்த்தம் இல்லை என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

7

ஆக, மீன்.

போன வெள்ளிக்கிழமை நானும் ராணியும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் ஒரு இளைஞன், நல்ல மரியாதைக்காரன். இந்த மீன் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது, இதனால் இங்குள்ள ஆறுகளின் மீனுக்கு நோய் வரலாம், உள்ளே விடமுடியாது என்று விளக்கினான். அழிக்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம்.

"ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேளுங்கோ" என்றாள் ராணி.

கேட்டேன். அவன் கையுறை போட்டுப் பொதியை அவிழ்த்தான். செம்மஞ்சள் நிறச் சதை. நடு முள்ளை எடுத்து, வால் பிரியாமல் இரண்டாகப் பிளந்து, தோல் அறாதபடி சதையைக் கட்டம் கட்டமாகக் கீறிக் காயவைத்திருந்தார்கள். ராணி கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"கை வந்த ஆள் கீறினது" என்றாள். "காத்துப் பிடிக்கத்தான் உப்பிடிக் கீறிறது."

அந்த மீன் பூங்காவுக்குள்ளிருக்கும் ஏரியில், எலைஜா பிடித்தது. அதைப் பிடிப்பதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒப்பந்தத்திலுள்ள அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த மக்கள் எத்தனையோ வருடம் மேசையில் இருந்து பேசினார்கள். அந்த மீனைத்தான் நான், புல்வெளிக்கு அனுமதி வழங்குபவன், என் கையால் உள்ளே எடுக்க முடியாமல் நின்றேன். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஒருவர் தந்த மீனைத் திருப்பி அனுப்பினால் அங்கே என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாதவற்றில் இனிக் கைவைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு அதே கையெழுத்தை மறுபடியும் வைத்தேன். அன்று ஒடியலைப் பார்த்து அந்தப் பெண் கேட்டது போல இந்த இளைஞன் ஏன் காயவைத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த முறை சொல்லியிருப்பேன்.

ஞாயிறு கௌரி எடுத்தாள். மீன் எப்படி என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். மைக்கில் வாசித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை.

சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. அடுத்த வருடம் அங்கே கோடை முடியும்வரை தன்னை நிற்கச் சொல்லி மீக்கா கேட்டிருக்கிறாளாம், மீக்காவுக்குக் கீழே, விசாவையும் அதுவரை நீட்டித் தருவார்களாம். அதற்குப் பிறகு என்ன என்று ராணி கேட்டாள். தெரியாது அம்மா என்றாள். திரைச்சீலை அப்படியே தொங்குகிறது.

வைக்கப்போகும் நேரத்தில் கேட்டாள்:

"அப்பா, யாழ்ப்பாணத்தில ஒரு நாளைக்கு இப்பிடி ஒரு மேசை வந்தா, நீங்க போய் இருப்பீங்களோ?"

"ஓம்" என்றேன். செய்மதிக்குக்கூட வேலை வைக்கவில்லை.

"அங்க விட்டுப் போகாமல் இருந்த ஆக்களுக்குத்தான் முதல் இடம் எண்டு ஒரு வரி எழுதினா? உங்களுக்குப் பின்வரிசை எண்டா? அதுக்கும் ஓமோ?"

குசினி யன்னலால் மவுண்ட் றொஸ்கில் தெரிந்தது. வெயிலில் புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மேலே யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தாமதம் முடிந்தது. இன்னொரு தாமதமும் முடிந்தது.

"ஹலோ? அப்பா?"

"லைன் சரியில்லைப் பிள்ளை."

"லைன் நல்லாத்தான் இருக்கு." கடதாசி புரளும் சத்தம் கேட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "பரவாயில்லை அப்பா. முடிவில்லை எண்டு எழுதி அடுத்த கூட்டத்துக்கு வைக்கிறன்."